விஞ்ஞான விளக்கம்: வந்தவர் யார்?

பஸ் என்றதும் போசரி வாழ் அன்பர்களுக்குப் புனே நகருக்குச் செல்லும் வண்டியே நினைவுக்கு வரும். டிரைவர் என்றால் அதை ஓட்டுபவர். கணிப்பொறியினுள்ளும் பஸ் உண்டு, டிரைவரும் உண்டு. அங்கே பஸ் என்பது பொறிக்கும் அதனோடு சேரும் கருவிகளுக்கும் இடையே செய்தி செல்லும் பொதுப் பாதையாகும். டிரைவர் என்பது ஒரு வகைக் கருவியை நடத்தத் தெரிந்த நிரல். இவ்விரண்டையும் பொருத்தி வைக்கும் மேலாளர், கெர்னல் எனப்படும் உட்கரு நிரலாகும்.

இப்பாதைகளுள் இல்லந்தோறும் அறிமுகமானது யூ.எஸ்.பி. ஏழு நிறுவனங்கள் கூடி வகுத்த இதன் முதற் பதிப்பு 1996 ஜனவரியில் வெளியாயிற்று. அம்முயற்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர் அஜய் பட். அவர் வடோதராவில் பொறியியல் பயின்று, அமெரிக்கா சென்று, இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றியவர். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அவர் கதை புதிதன்று.

புதிதாகச் செருகப்படும் கருவிக்கு முதலில் தனக்கென இலக்கம் இல்லை. 0 என்னும் பொது இலக்கத்திலேயே அது விடையளிக்கிறது. பின்னர் 1 முதல் 127 வரையிலான இலக்கங்களுள் ஒன்று அதற்கு வழங்கப்படுகிறது. புதுக் குடித்தனத்திற்குக் கதவிலக்கம் கொடுப்பது போன்றதே இது. அடுத்து, "நீ யார்?" என்று உட்கரு வினவுகிறது. கருவி 18 பைட் நீளமுள்ள ஒரு படிவத்தை நீட்டுகிறது. படிவத்தின் நீளம், செய்த நிறுவனத்தின் எண், பொருளின் எண் என ஒவ்வொன்றுக்கும் அதில் குறித்த இடம் உண்டு. கருவி ஆற்றும் தொழில்கள் இன்னவை என்று வேறு சில படிவங்கள் உரைக்கின்றன. செய்தி சேமிப்பதாயின் 8, விசைப்பலகை முதலியனவாயின் 3 என்பது வகை எண்.

லினக்ஸ் உட்கரு இவ்விவரங்களைத் தன் ஏட்டில் பதிந்துகொள்கிறது. ஒவ்வொரு டிரைவரிடமும், தான் நடத்தவல்ல கருவிகளின் அட்டவணை ஒன்று இருக்கும். உட்கரு இரண்டையும் வரிவரியாக ஒப்பிட்டு, பொருத்தம் கண்டால் அந்த டிரைவரை அழைக்கிறது. அட்டவணையின் இறுதியில் வெறும் பூஜ்யங்களாலான வரி ஒன்று வேண்டும். முடிவு இதுவென்று அறிவிப்பது அதுவே. எழுதியவர் அதை விட்டுவிட்டால், உட்கரு எல்லை கடந்து, தொடர்பற்ற நினைவகப் பகுதியையும் அட்டவணை என்றெண்ணி வாசிக்கத் தொடங்கும்!

இதுகாறும் கூறியது ஒழுங்கின் பெருமை. இனிச் சொல்வது எச்சரிக்கை. படிவம் முறையாக நிரப்பப்பட்டிருக்கிறதா என்று உட்கரு சோதிக்கும். அதில் எழுதியது உண்மையா என்று அறிய அதற்கு வழியில்லை. 2014 ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் நகரில் நிகழ்ந்த மாநாட்டில், ஜெர்மனியைச் சேர்ந்த கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் என்னும் இருவர் இதனைச் செய்தே காட்டினர். பென் டிரைவின் உள்நிரலை மாற்றி, "நான் விசைப்பலகை" என்று அதனைச் சொல்லவைத்தனர். பொறியும் நம்பிற்று. அப்புறம் அது தட்டும் ஆணைகளை உரிமையாளரே தட்டியதாகக் கருதி நிறைவேற்றிற்று. கோப்புகளை மட்டும் தேடும் வைரஸ் தடுப்பு நிரல், கருவிக்குள் ஒளிந்த அந்த உள்நிரலைக் காண்பதில்லை.

நம் போசரித் தொழிற்பேட்டையில் இதனை அலட்சியம் செய்தலாகாது. சி.என்.சி. கடைசல் யந்திரத்துக்குரிய நிரலைப் பட்டறைகளில் பென் டிரைவில் கொண்டு செல்வது வழக்கம். வழியில் கிடந்ததென்று எடுத்த ஒன்றைச் செருகினால், கெடுவது ஒரு கணிப்பொறியோடு நில்லாது. அன்றைய உற்பத்தியும், அதை நம்பியவரின் அன்றாடக் கூலியும் பாழாகலாம்.

பரிகாரமும் அந்த ஏட்டிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கருவியின் பதிவிலும் "அனுமதி" என்று பொருள்படும் ஒற்றை பிட் உண்டு. அது 1 ஆயின் கருவி செயற்படலாம். 0 ஆயின் பொறுப்பாளர் இசையும் வரை எந்த டிரைவரும் அதனோடு சேராது. கம்பி வழி இணையும் கருவிகளுக்குப் பொதுவாக 1 என்றே வைத்திருப்பர். கவலையுள்ள நிறுவனங்கள் அதனை 0 ஆக்கி வைக்கலாம். பட்டறைக்கென்று தனிப் பென் டிரைவை ஒதுக்கி, அடையாளம் இட்டு வைத்தலும் நன்று. இல்லத்தில் நாம் செய்யத்தக்கது எளிது: அறியாதவர் தந்ததையும் கீழே கிடந்ததையும் செருகாதிருத்தல். பிள்ளைகளுக்கும் இதனைச் சொல்லி வைத்தல் வேண்டும்.

டிப்ளமோ பயிலும் நம் இளைஞருக்கு ஒரு சொல்: இந்த ஏடுகளும் அட்டவணைகளும் மறைபொருள் அல்ல. லினக்ஸ் உட்கருவின் மூல நிரல் யாவரும் படிக்கத் திறந்தே கிடக்கிறது. 1991 இல் ஒரு மாணவர் தொடங்கிய பணி அது. யந்திரத்தை இயக்கக் கற்ற கைகள், அதன் உள்ளத்தையும் படிக்கக் கற்றால், தொழிலில் மேலும் ஒரு படி உயர வழி உண்டு. வருவோரை வரவேற்பது நம் பண்பு. வந்தவர் யாரென்று அறிந்து வரவேற்பது விவேகம்.