துருப்பிடிப்பது இரும்பு மட்டுமா?

முன்னோர் விட்டுச் சென்ற வீட்டையும் வயலையும் சுவடியையும் பேணுதல் கடமை என்பதை எவரும் மறுப்பதில்லை. திண்ணையோரம் சாக்குப் போர்த்தி நிறுத்தப்பட்ட பழைய மோட்டார் சைக்கிளைப் பேணுதலும் கடமையோ எனக் கேட்டால், நம்முள் பலர் நகைப்பர். தறிச் சத்தம் ஓயாத சங்கரன்கோவில் தெருக்களில் அத்தகைய வண்டிகளைக் காண்கிறோம். ஒரு காலத்தில் நூல் மூட்டை சுமந்தவை. வீட்டு மகன் வளைகுடா நாட்டுக்குச் சென்றபின், நின்ற இடத்திலேயே நின்றுவிட்டவை. அவற்றைத் தேடிச் சேகரிக்கும் ஆர்வம் இன்று இளைஞரிடையே பெருகி வருகிறது. அவ்வார்வம் வரவேற்கத்தக்கதே. ஆயினும் அது வெறும் ஆடம்பரமாய் முடிந்துவிடலாகாது என்பது நமது கருத்து.

இவ்வண்டிகளுள் புல்லட்டின் வரலாறு நமக்கு நெருக்கமானது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டு, மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர, 1955-இல் என்ஃபீல்டு இந்தியா உருவாயிற்று. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் அதன் தொழிற்சாலை எழுந்தது. இங்கிலாந்தில் 1970-ஆம் ஆண்டோடு ராயல் என்ஃபீல்டு வண்டிகளின் உற்பத்தி நின்றது. தமிழ் மண்ணில் நிற்கவில்லை. 1977-இல் இங்கிருந்தே இங்கிலாந்துக்கு ஏற்றுமதி தொடங்கியது. பிறந்த வீடு கைவிட்டதைப் புகுந்த வீடு காத்தது! அத்தகைய வண்டியைக் காயலான் கடையில் எடைக்குப் போடுவது முறையாகுமா?

நெடுங்காலம் நின்ற வண்டியை எழுப்புதல் பொறுமைக்குரிய பணி. கண்டவுடன் கிக்கரை உதைப்பது பெரும்பிழை. பிஸ்டன் சிலிண்டரைப் பற்றிக்கொண்டிருக்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளைவழி எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் பொறுத்து, மெல்ல அசைத்துப் பார்த்தல் வேண்டும். டேங்கின் உட்துருவை நீக்காமல் பெட்ரோல் ஊற்றினால், அத்துரு கார்புரேட்டர் ஜெட்டை அடைத்துவிடும். எலி கடித்த வயர்களை மாற்ற வேண்டும். நம் இளைஞர் பலரோ பெயின்ட், குரோம், காது கிழிக்கும் சைலன்சர் என்று தொடங்குகின்றனர். வெடித்த டயரும் தேய்ந்த பிரேக் லைனரும் அப்படியே இருக்கின்றன. ஓடுவதற்கு முன் நிற்கத் தெரிய வேண்டாவா? மேலும், பழைய புல்லட்டில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் அமைந்துள்ளன. இன்றைய வண்டிகளில் பழகியவர் அவசரத்தில் கால் மாறி மிதித்தால் என்ன ஆகும்? பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று போதித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். பிரேக் பிடிக்காத வண்டியை ஓட்டுபவர் தாமே பாதையின் இடையூறாகிறார்.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். தந்தை விட்டுச் சென்ற வண்டி ஒருவருக்கு மட்டும் உரியதன்று. வாரிசுகள் அனைவருக்கும் அதில் பங்குண்டு. பழைய இரும்புதானே என்று சகோதரியரைக் கேளாமல் எடுத்துக்கொள்வதும், ஆவணமின்றி விற்பதும் வாங்குவதும் அமானிதத்துக்கு மாறானவை. பதினைந்தாண்டு கடந்த வண்டியை ஆய்வுக்குக் கொண்டுசென்று, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்கிறது சட்டம். ஐம்பதாண்டு கடந்து மூல வடிவம் மாறாதவற்றுக்கென 2021-இல் தனிப் பதிவுமுறை வந்துள்ளது. அவ்வாறு பதிந்தவற்றை அன்றாடப் பயணத்துக்குப் பயன்படுத்தலாகாது. நாள்தோறும் ஓட்ட விரும்புவோர் இதனை அறிந்திருத்தல் நலம்.

இவை அனைத்தினும் நம்மைக் கவலையுறச் செய்வது வேறு. வண்டியைத் தேடிச் சேர்க்கிறோம். அதை எழுப்பத் தெரிந்த மனிதரைத் தேடுகிறோமா? ஓசையைக் கேட்டே டேப்பட் கோளாற்றைச் சொல்லும் செவி, அம்மீட்டர் முள் நடுவில் வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஷன் பிடியை இழுத்துவிட்டுப் பின் ஒரே உதையில் எழுப்பும் கால், சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கும் விரல் - இவை எந்நூலிலும் முழுமையாக எழுதப்படவில்லை. பட்டறைகளில் முதியவராகிவிட்ட மெக்கானிக்குகளோடு இவ்வறிவும் மறைந்துகொண்டிருக்கிறது. உதிரிப்பாகத்தை விலைக்கு வாங்கலாம். இவ்வறிவை எக்கடையில் வாங்குவது?

தமிழ் பயிலும் மாணவர்க்கு இங்கே ஒரு பணி உண்டு. விடுமுறை நாளில் ஒரு குறிப்பேட்டுடன் பட்டறைக்குச் செல்லுங்கள். பெரியவரிடம் பணிவுடன் கேளுங்கள். அவர் வழங்கும் சொற்களையும் செய்யும் முறைகளையும் அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். உழவுச் சொல்லையும் நெசவுச் சொல்லையும் தொகுத்த தமிழுக்குப் பட்டறைச் சொல் அயலாகாது. ஊர்ப் பெரியோர் தம் வீட்டுத் திண்ணையில் நிற்கும் வண்டிக்குரிய ஆவணத்தையும் உரிமையையும் இன்றே ஒழுங்குபடுத்துவாராக. அப்போதுதான் அவ்வண்டி தகுதியோடு மீண்டும் சாலைக்கு வரும்; அதனை எழுப்பிய கையின் அறிவும் அடுத்த தலைமுறைக்கு வந்து சேரும்.