கடைசிப் பத்துக் கிலோமீட்டர்



ஆகஸ்டு மாதம் நெருங்க நெருங்க, இங்கே புஜைராவில் தமிழ்த் திருப்பலி முடிந்ததும் ஆலய முற்றத்தில் எழும் பேச்சு பெரும்பாலும் வேளாங்கண்ணியைப் பற்றியதாகவே இருக்கும். ஆகஸ்டு 29 அன்று கொடியேற்றம், செப்டம்பர் 8 அன்று அன்னையின் பிறப்புப் பெருவிழா. அந்நாள்களில் விடுப்பு கிடைத்தவர்கள் என்னிடம் கேட்பது விமானக் கட்டணத்தைப் பற்றியன்று; அதை அவர்கள் என்னைவிட நன்கு அறிவார்கள். "ஃபாதர், திருச்சியில் இறங்கியபின் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எப்படிப் போய்ச் சேருவது?" என்பதே அவர்களுடைய கேள்வி.

இக்கேள்வி புதியதன்று. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் நோக்கி இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1861இல். மறு ஆண்டே அது திருச்சியை எட்டிவிட்டது. துறைமுகத்திற்குச் சரக்கு வரவேண்டும் என்ற தேவை இருந்ததால், ஏறத்தாழ 127 கிலோமீட்டர் பாதை அவ்வளவு விரைவில் அமைந்தது. ஆனால் நாகையிலிருந்து வேளாங்கண்ணிக்கு எஞ்சியிருந்த ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தூரத்திற்குத் தொடர்வண்டி வந்தது 2010 டிசம்பரில்தான். நூற்று ஐம்பது ஆண்டுகள்! இடைப்பட்ட தலைமுறைகள் நாகையில் இறங்கி, மாட்டுவண்டியிலும் பேருந்திலும் கால்நடையாகவும் அந்தத் தூரத்தைக் கடந்தன. நெடுந்தூரத்திற்குத் திட்டமும் பணமும் எப்படியோ வந்துவிடுகின்றன. கடைசிச் சிறு தூரம் மட்டும் பயணியின் பாடாக விடப்படுகிறது.

இன்றைய நிலையைப் பாருங்கள். எர்ணாகுளத்திலிருந்தும் கோவாவின் வாஸ்கோவிலிருந்தும் வேளாங்கண்ணிக்கு நேரடித் தொடர்வண்டிகள் உள்ளன. கொங்கணி பேசும் பக்தர் வண்டி மாறாமல் வந்து இறங்குகிறார். நல்லது, மகிழ்கிறேன். வளைகுடாவிலிருந்து திருச்சியில் இறங்கும் தமிழருக்கோ இன்னும் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் இருக்கிறது. திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் 2024இல் திறக்கப்பட்டது. கண்ணைப் பறிக்கும் கோபுரச் சித்திரங்களோடு நிற்கிறது. ஆனால் வெளியே வந்ததும் வாடகைக் கார் ஓட்டுநர் சொல்வதே விலை என்பதுதான் சென்று திரும்பியவர்கள் பலமுறை என்னிடம் சொன்ன அனுபவம். பேருந்தில் செல்லலாம் என்றாலோ, 2025 ஜூலை முதல் பெரும்பாலான வெளியூர்ப் பேருந்துகள் பஞ்சப்பூர் முனையத்திற்கு மாறிவிட்டன. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊருக்குச் செல்லும் தொழிலாளி பழைய நினைவில் மத்தியப் பேருந்து நிலையத்தில் போய் நின்று, 30 கிலோ பெட்டியோடு மீண்டும் வந்த வழியே திரும்புகிறார். நேரடிப் பேருந்து கிடைக்காவிட்டால் தஞ்சையிலும் நாகையிலும் மாற வேண்டும். இளைஞனுக்கு இது அலைச்சல் மட்டுமே. முழங்கால் வலியுள்ள தாய்க்கு?

வேளாங்கண்ணியின் மூன்று மரபுக் கதைகளையும் நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். மூன்றும் பயணக் கதைகள் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் கதையில், நாகப்பட்டினத்திலுள்ள தன் எசமானருக்குப் பால் கொண்டு சென்ற சிறுவன் குளக்கரையில் இளைப்பாறுகிறான்; அங்கே அன்னை தம் குழந்தைக்குப் பால் கேட்கிறார். இரண்டாவதில், நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன் அன்னையின் சொற்படி எழுந்து நாகைக்கு ஓடுகிறான். மூன்றாவதில், மக்காவோவிலிருந்து இலங்கை நோக்கிச் சென்ற போர்த்துக்கீசியக் கப்பலோட்டிகள் புயலில் சிக்கி அக்கரையில் ஒதுங்குகிறார்கள். முதல் இரண்டு கதைகளும் நிகழ்வது, நான் மேலே சொன்ன அதே பத்துக் கிலோமீட்டரில்தான். களைத்தவனும் நடக்க இயலாதவனும் வழி தவறியவனுமே அத்திருத்தலத்தின் முதல் பயணிகள். ஆகையால் பயண வசதியைப் பற்றிப் பேசுவது ஆன்மிகத்திற்குப் புறம்பானது என்று எவரும் எண்ண வேண்டாம்.

"திருப்பயணம் என்றால் வருத்தம் இருக்கத்தானே வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். காவி உடுத்திச் சென்னையிலிருந்து நாள்கணக்கில் நடந்து வருவோரை நான் வணங்குகிறேன். மாதா குளத்தை நோக்கி மணலில் முழங்காலிட்டுச் செல்வோரைக் கண்டு கண்கலங்கியிருக்கிறேன். அது அவர்கள் விரும்பி ஏற்ற தவம். நள்ளிரவில் பேருந்து நிலையத்தில் ஆட்டோவுக்குப் பேரம் பேசி நிற்பதை யாரும் நேர்ந்துகொள்வதில்லை. ஊராருடைய அசட்டையைப் பக்தரின் தவக்கணக்கில் எழுதிவிட முடியாது.

நாம் வாழும் இந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். புஜைராவும் சிறிய ஊர்தான். ஹஜர் மலைகளுக்கு அப்பால், துபாயிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர். மலையை ஊடறுத்து ஷேக் கலீஃபா நெடுஞ்சாலை அமைந்தபின் அத்தூரம் எளிதாயிற்று. துபாயின் யூனியன் நிலையத்திலிருந்து இ700 பேருந்தில் ஏறினால், மொழி தெரியாதவரும் எவரிடமும் பேரம் பேசாமல் இங்கு வந்து இறங்கலாம். 2025 மே மாதம் கண்ணூரிலிருந்தும் மும்பையிலிருந்தும் புஜைராவுக்கு இண்டிகோ விமானச் சேவை தொடங்கியபோது, துபாய், சார்ஜா செல்வோருக்கான பேருந்து ஏற்பாட்டையும் சேர்த்தே அறிவித்தார்கள். விமானம் வந்து இறங்கினால் மட்டும் பயணம் முடிவதில்லை என்பது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. (புஜைராவுக்குள் பேருந்துகள் குறைவு, வாடகைக் காரே கதி என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. ஆனால் அந்தக் காரில் மீட்டர் ஓடுகிறதே!)

ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் வந்து செல்லும் வேளாங்கண்ணி, வருவோரை நம்பி வாழும் ஊர். அவ்வூருக்காக நான் கேட்பவை பெரிய செலவுக்குரியவை அல்ல. திருவிழா நாள்களிலாவது, வளைகுடா விமானங்கள் இறங்கும் நேரத்தை ஒட்டித் திருச்சி விமான நிலைய வாசலிலிருந்து வேளாங்கண்ணிக்கு நேரடிப் பேருந்து வேண்டும். தொடர்வண்டி நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் ஆட்டோ, வேன் கட்டணத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய பலகை வேண்டும். ஓட்டுநர்களை அழைத்துப் பேசி, அவர்கள் பிழைப்புக்கும் கட்டுப்படியாகும் தொகையை அதில் குறிக்க வேண்டும். அவர்களும் குடும்பம் காப்பவர்கள்தாம். முதியோருக்குச் சக்கர நாற்காலி, வாசலிலேயே கேட்டதும் கிடைக்க வேண்டும்.

நம் பங்கும் உண்டு. வளைகுடாவின் பக்த சபைகள் விழாவின் அலங்காரத்திற்கும் மின்விளக்கிற்கும் தாராளமாகக் காணிக்கை அனுப்புகின்றன. அதில் ஒரு பகுதியைத் திருச்சியிலிருந்து ஒரு வேன் அமர்த்த ஒதுக்கினால், அன்னை கோபித்துக்கொள்ள மாட்டார் என்றே நம்புகிறேன்.

இவ்வாண்டு செல்லவிருப்போர் விமானத் தேதியையும் இறங்கும் நேரத்தையும், உடன் வரும் முதியோர், குழந்தைகள் எத்தனை பேர் என்பதையும் ஆலய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். ஒரே நாளில் இறங்குவோரை ஒரே வண்டியில் சேர்த்து அனுப்ப முயல்வோம். சென்று திரும்பியவர்கள் எந்த இடத்தில் எவ்வளவு கொடுத்தீர்கள், எங்கே எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்பதைக் கீழே பதிவிடுங்கள். அவற்றைத் தொகுத்து ஒரு மனுவாக்கி, திருத்தல நிர்வாகத்திற்கும் நாகை மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்ப எண்ணியிருக்கிறேன்.