கருத்துக்கணிப்பும் கரைந்த சேமிப்பும்

2024 ஏப்ரல் 26 அன்று கோலார் தொகுதி வாக்களித்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபின் பெங்களூருக்கு ரயிலேறிப் பிழைக்கும் தங்கவயல் தொழிலாளியும் வரிசையில் நின்றார். தொலைக்காட்சிக் கணிப்பில் அவர் வெறும் சதவீதப் புள்ளி. எதற்காக வாக்களித்தார் என்பது அங்கே செய்தியாவதில்லை.

ஜூன் 1 மாலை, தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கும் மேல் என முழங்கினார்கள். 400 வரை சென்றோரும் உண்டு. ஜூன் 3இல் பங்குச் சந்தை துள்ளியது. மறுநாள் எண்ணியபோது கூட்டணிக்கு 293, பாஜகவுக்கு 240! சந்தை சரிந்தது, கணிப்பை நம்பி முதலிட்ட சிறு சேமிப்பாளரின் பணமும் கரைந்தது.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு, வாக்குப்பதிவு முடியும்வரைதான் இக்கணிப்புகளைத் தடுக்கிறது. எங்கே, எத்தனை பேரிடம், யார் செலவில் கேட்டார்கள் என்பதைக் கணிப்போடு சேர்த்து வெளியிடுவதையும் சட்டம் கட்டாயமாக்க வேண்டும்.