இது பிராட்லி இல்லையாம்!

பிராட்லி எழுதியது மாதிரி இல்லை. அவலான் வரிசை நாவல்களின் பிற்பகுதியைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் வந்து விழும் தீர்ப்பு இதுதான். பாதிப் பேருக்கு முதலும் கடைசியுமான தீர்ப்பும் இதுவே. கதை எப்படி, ஆட்கள் எப்படி, எந்த இடத்தில் தொய்கிறது என்று கேட்டால் பதில் கிடையாது. அட்டையில் இருக்கும் இரண்டாவது பெயரைப் பார்த்ததுமே தீர்ப்பு எழுதி, பேனா நிப்பையும் உடைத்துவிட்டார்கள்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. (தெரிந்தவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடலாம்.) மரியான் ஜிம்மர் பிராட்லி என்ற அமெரிக்க எழுத்தாளர் 1983ல் 'தி மிஸ்ட்ஸ் ஆஃப் அவலான்' என்று ஒரு தலையணை நாவல் வெளியிட்டார். ஆர்தர் அரசன் கதைதான். ஆனால் வாளும் குதிரையும் பின்னால் போய்விட, மோர்கெய்ன், விவியன், இக்ரெய்ன், க்வென்ஹ்விஃபார் என்று பெண்கள் கண்ணில் விரியும் கதை. காலங்காலமாகச் சூனியக்காரி என்று திட்டு வாங்கிக்கொண்டிருந்த மோர்கன் இதில் அவலான் தீவின் பூசாரி. 1984ல் லோகஸ் விருது வாங்கியது, 2001ல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. அதன்பிறகு பிராட்லி காலத்தில் பின்னோக்கிப் போக ஆரம்பித்தார். ரோமானியர் ஆண்ட பிரிட்டனில் நடக்கும் 'தி ஃபாரஸ்ட் ஹவுஸ்', அதையும் ஆர்தர் கதையையும் இணைக்கும் 'லேடி ஆஃப் அவலான்' (1997). கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தியின் தாய் ஹெலனாவைப் பற்றிய 'ப்ரீஸ்டஸ் ஆஃப் அவலான்' முடியும் முன்பே, 1999 செப்டம்பரில் பிராட்லி இறந்துபோனார். அதை முடித்துக் கொடுத்தவர் டயானா பாக்ஸன். பிறகு அவரே 2004ல் 'ஆன்செஸ்டர்ஸ் ஆஃப் அவலான்', 2007ல் 'ரேவன்ஸ் ஆஃப் அவலான்', 2009ல் 'ஸ்வோர்ட் ஆஃப் அவலான்' என்று எழுதினார். சண்டை எல்லாம் இந்தக் கடைசி மூன்றின் மேல்தான், அதிலும் குறிப்பாக 2004 புத்தகத்தின் மேல்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். நடை மாறிவிட்டது, ஆன்மா போய்விட்டது, 'லேடி ஆஃப் அவலான்' வரைக்கும்தான் உண்மையான பிராட்லி என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஐயா, அந்த 'லேடி ஆஃப் அவலா'னிலும் பாக்ஸன் கை உண்டு. அதற்கு முந்தைய 'ஃபாரஸ்ட் ஹவு'ஸிலும் உண்டு. அட்டையில் அவர் பெயர் போடவில்லை, அவ்வளவுதான். ஆக, பெயர் தெரியாதபோது தேனாக இனித்தது, பெயர் தெரிந்ததும் கசக்கிறது. நாக்கு கண்டுபிடிக்காத வித்தியாசத்தைக் கண் கண்டுபிடித்திருக்கிறது. இதற்கு விமர்சனம் என்று பெயரா?

நடை வேறுதான், நான் மறுக்கவில்லை. பிராட்லியின் முதல் நாவலில் மோர்கெய்ன் தன் குரலில் நம்மிடம் பேசுவாள். சண்டை, சடங்கு எல்லாவற்றையும்விட, ஒரு அறைக்குள் இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்வதுதான் அதில் உயிர். நூல் நூற்றபடி பேசியே பக்கக்கணக்கில் ஓட்டுவார்கள், நமக்கு அலுக்காது. பாக்ஸனுக்கு அது வராது. அவருக்கு வருவது வேறு. மண், உலோகம், சடங்கு, பயிர், குளிர், எந்தக் குடி எந்தக் குடியோடு சம்பந்தம் வைத்துக்கொள்ளும் என்பது மாதிரியான விவரங்கள். இவர் 1966ல் பெர்க்லியில் தன் வீட்டுக் கொல்லையில் இடைக்காலத்து உடையும் வாளுமாக விருந்து வைத்து, 'சொசைட்டி ஃபார் க்ரியேட்டிவ் அனக்ரானிசம்' என்ற அமைப்பு பிறக்கக் காரணமானவர்களில் ஒருவர். பழைய காலத்தை உடம்பில் போட்டுப் பார்த்த ஆள். அந்த ருசி பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், பரவாயில்லை. "இன்னொருவர் மாதிரி இல்லை" என்பது குற்றமா என்ன? முருங்கைக்காய் சாம்பார் வத்தக்குழம்பு மாதிரி இல்லை என்று யாராவது இலையை மூடுவார்களா?

அடுத்த குற்றச்சாட்டு: முன்கதை என்றால் முடிவு தெரியும், சுவாரசியம் இல்லை. இதைக் கேட்டால்தான் எனக்கு உண்மையிலேயே சிரிப்பு வருகிறது. 'மிஸ்ட்ஸ் ஆஃப் அவலா'னை முதல்முறை படித்தவர்களுக்கு ஆர்தர் சாகப்போவது தெரியாதா? ஆயிரம் வருஷமாகச் சொல்லப்படும் கதை ஐயா அது! நம்மூர்க் கல்கியே முதலில் 'பார்த்திபன் கனவு' எழுதிவிட்டு, அதற்கு முந்தைய தலைமுறைக் கதையாக 'சிவகாமியின் சபதம்' எழுதவில்லையா? வாதாபி எரியப்போகிறது என்று தெரிந்ததால் யாரும் பாதியில் மூடி வைத்ததாக நான் கேள்விப்படவில்லை. முடிவு தெரிந்த கதையில் "எப்படி" என்ற கேள்விதான் நம்மை இழுத்துக்கொண்டு போகும்.

'ஆன்செஸ்டர்ஸ்' கதையைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள். அட்லாண்டிஸ் கடலில் மூழ்குகிறது. மிக்கெயில், திரிக்கி என்று ஒரு பூசாரித் தம்பதி. தப்பிக்கும் அவசரத்தில் ஆளுக்கொரு கப்பலாகப் பிரிந்துபோகிறார்கள். இருவரும் கரை ஏறுவது பிரிட்டன்தான், ஆனால் வேறு வேறு இடம். ஒருவர் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாது. அவள் சதுப்பு நிலத்துக்கு நடுவில் இருக்கும் ஒரு குன்றடியில் (இன்றைய கிளாஸ்டன்பரி) அங்கிருக்கும் ஜனங்களோடு கலந்து, அவர்கள் உணவு, அவர்கள் மருந்து, அவர்கள் தெய்வம் என்று பழகிக்கொள்கிறாள். அவனோ மூழ்கிய சாம்ராஜ்யத்தைத் திரும்பக் கட்டியே தீருவேன் என்று நிற்கும் ஓர் இளவரசனிடம் போய்ச் சேருகிறான். அந்த இளவரசனுக்கு வேண்டியது ஒரு மாபெரும் கல்வட்டம், அதன் வழியே அதிகாரம். ஊரைவிட்டு ஓடி வந்தவர்கள் புது ஊரில் கரைந்து போவதா, பழைய ஊரை அப்படியே நட்டு வைப்பதா? இந்தக் கேள்வி இன்றைக்கும் அகதிகளாகப் போய் இறங்கிய எந்தக் குடும்பத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் கேள்விதானே. முடிவு தெரியும் என்று இதைத் தள்ளிவிடுவார்களாம்.

அட்லாண்டிஸ் எங்கிருந்து வந்தது, பாக்ஸன் தன் இஷ்டத்துக்குச் செருகியதா என்று கோபப்படுபவர்களும் உண்டு. இவர்கள் 'மிஸ்ட்ஸ்' நாவலையே சரியாகப் படிக்கவில்லை என்பேன். அதன் முதல் பாகத்திலேயே இக்ரெய்னுக்கு ஒரு காட்சி தெரியும். முற்பிறவியில் அவளும் ஊத்தரும் அந்தக் கல்வட்டத்தருகே, மூழ்கிப்போன தங்கள் நாட்டை நினைத்து நிற்பது மாதிரி. விதை பிராட்லி போட்டது. மிக்கெயிலும் திரிக்கியும்கூட பிராட்லியின் அட்லாண்டிஸ் நாவல்களில் ('வெப் ஆஃப் லைட்', 'வெப் ஆஃப் டார்க்னஸ்', இரண்டும் 1983) குழந்தைகளாக வந்தவர்கள்தான். 'ரேவன்ஸ்' கதையும் அப்படியே. மோனா தீவை ரோமானியப் படை சூறையாடியதன் வடு 'ஃபாரஸ்ட் ஹவுஸ்' முழுக்க இருக்கிறது. அந்த நாளையும் பூடிக்கா ராணியின் கலகத்தையும் (கி.பி. 60-61) நேரடியாக எழுதினார் பாக்ஸன். என்னைக் கேட்டால் மூன்றில் சிறந்தது அதுதான். பூடிக்காவைச் சிலையாக நிறுத்தாமல், கணவனோடு முறைத்துக்கொண்டு, குழந்தையைப் பறிகொடுத்து, வயதாகும் மனுஷியாக எழுதியிருப்பார்.

சரி, அப்படியென்றால் 'ஆன்செஸ்டர்ஸ்' குறையே இல்லாத புத்தகமா? இல்லை. பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது, அதை இந்தப் பிராட்லி பக்தர்கள் யாரும் தொடுவதில்லை என்பதுதான் என் ஆத்திரம். ஸ்டோன்ஹெஞ்சைக் கட்டியது யார்? நாவலில், கடல் கடந்து வந்த ஞானிகள். திட்டம் அவர்களுடையது, வித்தை அவர்களுடையது. உள்ளூர்க்காரர்கள் உழைப்புக்கும் சோற்றுக்கும். நிஜத்தில்? அந்த மேடும் அகழியும் ஏறத்தாழ கி.மு. 3000ல் தோண்டப்பட்டவை. பெரிய சார்சன் கற்கள் கி.மு. 2500 வாக்கில் நிறுத்தப்பட்டவை. சின்ன நீலக்கற்கள் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் வேல்ஸிலிருந்து வந்தவை. நடுவில் கிடக்கும் பலிபீடக் கல் ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து வந்தது என்று 2024ல் கண்டுபிடித்தார்கள், அதாவது சுமார் 700 கிலோமீட்டர். சக்கர வண்டி இல்லாத காலத்தில் இத்தனையும் செய்தவர்கள் அந்தத் தீவில் பன்றி மேய்த்துக்கொண்டிருந்த சாதாரண ஜனங்கள். அட்லாண்டிஸ் என்று ஒன்று இருந்ததே பிளேட்டோ சொன்ன கதையில் மட்டும்தான்.

கற்பனைக் கதைதானே, விட்டுவிடேன் என்பீர்கள். விட்டுவிடுவேன், இந்தக் கற்பனைக்கு ஒரு வம்சாவளி இல்லாதிருந்தால். பழைய அதிசயம் எதைக் கண்டாலும் "இதை இங்கிருந்தவர்கள் கட்டியிருக்க முடியாது, அட்லாண்டிஸ்காரர்கள்தான்" என்ற பேச்சை 1882ல் இக்னேஷியஸ் டானெல்லி தன் புத்தகத்தால் ஊரெல்லாம் பரப்பினார். 1888ல் பிளாவட்ஸ்கி 'சீக்ரெட் டாக்ட்ரின்' எழுதி அதற்கு ஞானச் சாயம் பூசினார். அவருடைய தியாசஃபிகல் சொசைட்டியின் தலைமையகம் நம் அடையாறில்தான் இருக்கிறது, ஆலமரத்தைப் பார்க்கப் போனவர்களுக்குத் தெரியும். லெமூரியாவையும் அதே கூட்டம்தான் விலங்கியல்காரர்களிடமிருந்து தூக்கிக்கொண்டு வந்தது, அது நம்மூர் மேடைகளில் என்ன பாடு பட்டது என்பது தனிப் பதிவுக்கான சமாச்சாரம். அந்த வழியில் வந்த டயான் ஃபார்ச்சூன், 1930களில் அட்லாண்டிஸ் பூசாரிகளைப் பிரிட்டன் கடற்கரையில் கொண்டு வந்து இறக்கினார். பிராட்லி அங்கிருந்து எடுத்தார், பாக்ஸன் பிராட்லியிடமிருந்து எடுத்தார். ஆகவே இந்த ஓட்டை பாக்ஸன் போட்டது இல்லை, சொத்தோடு சேர்ந்து வந்த கடன். இன்னும் சொன்னால், கல்வட்டத்தை அதிகாரத்துக்காகக் கேட்கும் இளவரசனைத் தவறானவனாகக் காட்டி, சதுப்பு நில ஜனங்களோடு வாழ்ந்தவள் பக்கம் கதையை நிறுத்தியதில், அந்தக் கடனில் கொஞ்சம் அடைத்தும் இருக்கிறார். பிராட்லி மாதிரி இல்லை, இல்லை என்று புலம்புகிறவர்கள், அவர் பிராட்லியைவிட நன்றாகச் செய்த இடத்தையாவது பார்த்திருக்க வேண்டாமா?

இந்தக் குழப்பத்தில் பெரிய பங்கு பதிப்பகத்தாருக்கு. 2004 புத்தகத்தின் முழுத் தலைப்பு என்ன தெரியுமா? 'மரியான் ஜிம்மர் பிராட்லிஸ் ஆன்செஸ்டர்ஸ் ஆஃப் அவலான்'. இறந்து ஐந்து வருஷமானவர் தலைப்பிலேயே உட்கார்ந்திருக்கிறார். எழுதியவர் ஓரமாக. விக்கிரமன் 'பொன்னியின் செல்வ'னைத் தொடர்ந்து 'நந்திபுரத்து நாயகி' எழுதியபோது அதைக் கல்கியின் நந்திபுரத்து நாயகி என்று யாரும் விற்கவில்லை. பிடித்ததோ பிடிக்கவில்லையோ, அது விக்கிரமன் கணக்கில் போனது. பாக்ஸன் ஒன்றும் நேற்று முளைத்தவர் இல்லை. ட்ரிஸ்டன் கதையை வைத்து 1988லேயே 'தி ஒயிட் ரேவன்' எழுதியவர். ஆர்தரை வைத்து 'ஹாலோட் ஐல்' என்று தனி வரிசையே எழுதியவர். அவர் சொந்தப் பெயரில் நிற்கத் தெரிந்தவர்தான். விடவில்லை, விற்பனை.

இந்தப் பெயர் விவகாரம் வெறும் கௌரவப் பிரச்சினையாக இருந்தது 2014 வரைக்கும்தான். அந்த வருஷம் பிராட்லியின் மகள் மொய்ரா கிரேலண்ட், சிறு வயதில் தன் தாய் தன்னைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கினார் என்று வெளிப்படையாகச் சொன்னார். பிராட்லியின் கணவர் வால்டர் ப்ரீன் ஏற்கெனவே சிறுவர்களிடம் அத்துமீறிய வழக்கில் தண்டனை பெற்று 1993ல் சிறையிலேயே செத்தவர். பிரிட்டிஷ் பதிப்பகம் கொலான்ஸ், பிராட்லியின் மின்னூல் வருமானத்தைக் குழந்தைகளுக்கான தொண்டு நிறுவனத்துக்குக் கொடுப்பதாக அறிவித்தது. 'மிஸ்ட்ஸ்' படித்து வளர்ந்த எத்தனையோ பெண்கள் அந்தப் புத்தகத்தை இனி தொட முடியவில்லை என்றார்கள். அந்தத் துக்கத்தை நான் கேள்வி கேட்கவே மாட்டேன். ஒரு குழந்தைக்கு நடந்ததன் முன்னால் நாவல் எந்த மூலைக்கு?

ஆனால் அந்த வாசகர்கள் அலமாரியைக் காலி செய்தபோது எதையெல்லாம் தூக்கிப் போட்டார்கள் என்று பாருங்கள். 'ஆன்செஸ்டர்ஸ்', 'ரேவன்ஸ்', 'ஸ்வோர்ட்' மூன்றும் சேர்ந்தே போயின. பத்து வருஷம் "இது பிராட்லி இல்லை" என்று ஒதுக்கப்பட்ட அதே புத்தகங்கள், இப்போது "இது பிராட்லி" என்று ஒதுக்கப்படுகின்றன! புகழ் இருந்தபோது அதில் பங்கில்லை. பழி வந்தபோது முழுப் பங்கு. அட்டையில் இருக்கும் அந்த முதல் பெயர் இரண்டு பக்கமும் வெட்டும் கத்தியாக அவர் கழுத்தில் தொங்குகிறது.

அடுத்த பதிப்பில் தலைப்பிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிட்டு, கதையின் அடிப்படை யாருடையது என்று உள்பக்கத்தில் ஒரு வரி போட்டால் போதும். பதிப்பகத்தார் செய்வார்கள் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

வகுப்பு மக்களுக்கு: 'ரேவன்ஸ் ஆஃப் அவலான்' என்னிடம் இருக்கிறது, வேண்டுபவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அட்டைக்குப் பழைய பள்ளிக்கூடப் பாணியில் பிரவுன் ஷீட் போட்டு, உள்ளே பெயர்ப் பக்கத்தையும் பின்னடித்து வைத்திருக்கிறேன். படித்து முடித்த பிறகு பின்னைக் கழற்றலாம். கிழிக்காமல் :-)