முக்குறுணி நெல்லும் மூவர் தமிழும்

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய சோழன் அதற்கிட்ட பெயர் இராசராசேச்சரம். அங்குறையும் இறைவன் நமக்குப் பெருவுடையார். ஆயினும் 1987-இல் உலக மரபுப் பட்டியலில் ஏறியதோ 'பிருகதீசுவரர்' என்னும் வடசொற்பெயர்!

பெயர் கிடக்க, உள்ளே ஒலித்த மொழி யாது? அக்கோயிற் கல்வெட்டையே கேளுங்கள். திருப்பதியம் பாட 48 பிடாரர், உடுக்கை இயக்க ஒருவர், கொட்டிமத்தளம் முழக்க ஒருவர், ஆக 50 பேரை இராசராசன் அமர்த்தினான். ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல். அவருள் ஒருவர் இறந்தாலோ ஊர்விட்டு அகன்றாலோ, அடுத்த உரிமையுடையார் அந்நெல்லைப் பெற்றுப் பாடல் வேண்டும்; அவர்க்குத் தகுதியில்லையேல் தக்காரொருவரைத் தம் பொருட்டு அமர்த்தல் வேண்டும்; உரிமையுடையாரே இலரேல் எஞ்சிய குழுவினர் தக்காரைத் தேர்ந்து கொள்ளல் வேண்டும். தமிழ்ப்பாட்டு ஒருநாளும் நின்றுவிடலாகாது என்று எத்துணை முன்னெண்ணம்! தன் பெயரை வடமொழியிற் சூடியவனே அவன்; எனினும் இறைவன் செவிக்கு ஊட்டியது தமிழை.

அவன் எடுத்த கோயிலின் குடமுழுக்கில் தமிழ் ஒலிக்க, 2020-இல் தமிழர் மதுரை உயர்நயன்மன்றக் கிளையின் வாயிலில் நிற்க நேர்ந்தது. இருமொழியிலும் நடத்துக என்பது தீர்ப்பு. தமிழுக்குத் தமிழகத்தில் பாதி இடம்! அதையும் வழக்காடிப் பெற்றோம்.

கல்வெட்டிற் கண்ட ஐம்பதின்மரையும் அரசு மீண்டும் அமர்த்துக. அவர்க்குப் பிழைப்பூதியமும் தருக. கோயிற் பலகைகளில் இராசராசேச்சரம் என்றே பொறிக்க. இம்மூன்றையும் கேட்டு அறநிலையத்துறைக்கு ஊர்தோறும் மடல் விடுங்கள்.