மறுபடியும் கேட்கலாம்: இந்தியன் ஓஷனின் ‘கண்டிஸா’

இந்த வாரம் மறுபடியும் கேட்க எடுத்துக்கொண்டது ‘கண்டிஸா’. டெல்லியின் ‘இந்தியன் ஓஷன்’ இசைக்குழு 2000-ல் வெளியிட்ட ஆல்பம். பெயரே கேள்விப்பட்டதில்லையா? ‘பிளாக் ஃப்ரைடே’ படத்தில் ‘பந்தே’ பாடலைக் கேட்டிருப்பீர்கள், அல்லது ‘மசான்’ படப் பாடல்களைக் கேட்டிருப்பீர்கள். அதே குழுதான்.

1990-ல் தொடங்கி இன்றுவரை மேடை ஏறிக்கொண்டிருக்கிறார்கள். ‘கண்டிஸா’ வந்தபோது குழுவில் நான்கு பேர். கிடாருக்கு சுஸ்மித் சென், தபலாவுக்கும் பாட்டுக்கும் அஷீம் சக்ரவர்த்தி, பேஸ் கிடாருக்கும் பாட்டுக்கும் ராகுல் ராம், டிரம்ஸுக்கு அமித் கிலம். தபலாவும் டிரம்ஸும் ஒரே பாட்டில் வந்தால் ஒன்றை ஒன்று அமுக்கிவிடும் என்று நினைப்போம். இவர்களிடம் இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள்போலப் பேசிக்கொள்கின்றன. பாடல்கள் நீளமானவை. அவசரமே இல்லாமல் விரிகின்றன.

முதலில் ‘மா ரேவா’ கேளுங்கள். ரேவா என்றால் நர்மதை. அந்த ஆற்றங்கரை மக்கள் தங்கள் நதித்தாயைப் போற்றிப் பாடும் பாட்டு. நர்மதை அணை எதிர்ப்பு இயக்கத்தில் வேலை செய்தவர் ராகுல் ராம். அங்கிருந்துதான் இந்தப் பாட்டைக் கொண்டுவந்தார். ஆல்பம் வந்த அதே 2000-ம் ஆண்டு அக்டோபரில் அணை கட்டுமானத்தைத் தொடர உச்ச நீதிமன்றம் அனுமதி தந்தது. 2017-ல் சர்தார் சரோவர் அணை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பாட்டில் சோகம் இல்லை, குதூகலம்தான். ஆனால் அந்தக் கரையோர ஊர்கள் பல தண்ணீருக்கடியில் போன பிறகு கேட்கும்போது, அந்தக் குதூகலமே தொண்டையை அடைக்கிறது.

அடுத்தது ‘ஹில்லே லே’. கேட்டதும் கால் தானாகத் தாளம் போடும். எழுதியவர் கோரக் பாண்டே. உத்தரப்பிரதேசத்தின் தேவரியா மாவட்டத்தில் பிறந்து, இந்தியிலும் போஜ்புரியிலும் எழுதிய கவிஞர். 1989-ல் மறைந்தார். எளிய ஜனங்கள் அணி திரண்டு வருகிறார்கள், உலகமே குலுங்குகிறது என்பதுதான் பாட்டின் பொருள்.

இந்தப் பாட்டைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் மணிமங்கலத்தில் இப்போது தெருவுக்குத் தெரு போஜ்புரி கேட்கிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் வேலை பார்க்க பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் வந்த பிள்ளைகள், ஒரு ரூமுக்கு நாலைந்து பேராகத் தங்கியிருக்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் சோறு ஒரு பக்கம் வேகும், போனில் பாட்டு ஒரு பக்கம் ஓடும். நமக்கு அவர்கள் எல்லோரும் ‘ஹிந்திக்காரப் பசங்க’. அவர்கள் பேசுவது போஜ்புரி, மைதிலி, மகஹி என்று தனித்தனி மொழிகள் என்பதோ, அந்த மொழிகளில் உழைப்பவனைப் பற்றி இப்படியெல்லாம் கவிதை இருக்கிறது என்பதோ நமக்குத் தெரிவதில்லை. இதே ஆல்பத்தில் ‘லீவிங் ஹோம்’ என்று ஓர் உருப்படி உண்டு. பெரும்பாலும் இசைக்கருவிகளே பேசுகின்றன. வீட்டைவிட்டுக் கிளம்புவது என்ற அந்தத் தலைப்பை மனதில் வைத்துக்கொண்டு, இரவு ஷிஃப்ட் பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கி வழியும் ஒரு பையனை நினைத்துக் கேட்டுப் பாருங்கள்.

ஆல்பத்துக்குப் பெயர் தந்த ‘கண்டிஸா’, கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழிபாட்டுப் பாடல். மொழி சிரியாக், இயேசு பேசிய அராமிக்கின் வழிவந்தது. ‘கண்டிஸா’ என்றால் புனிதம். டெல்லிக்காரர்கள் நால்வர், கேரளத்து தேவாலயப் பாட்டை, மேற்காசிய மொழியில், தபலா வைத்துப் பாடுகிறார்கள். எந்த இடத்திலும் ஒட்டுப்போட்டது தெரியவில்லை. அஷீமின் குரல் மேலே ஏறும் இடத்தில் எந்த மதத்துக்காரருக்கும் கண் தானாக மூடிக்கொள்ளும்.

அந்த அஷீம் 2009 டிசம்பர் 25 அன்று காலமானார். சுஸ்மித் சென் 2013-ல் குழுவிலிருந்து விலகினார். புதியவர்கள் வந்தார்கள், புதிய ஆல்பங்களும் வந்தன. 2023-ல் ‘தூ ஹை’ வெளியானது. ஆனாலும் அந்த நான்கு பேர் ஒன்றாக வாசித்த ‘கண்டிஸா’வுக்குத் தனி இடம்தான்.

எல்லாப் பாடல்களும் ஆன்லைனில் கிடைக்கின்றன. போன் ஸ்பீக்கரில் பேஸ் கிடார் காணாமல் போய்விடும், அதனால் இயர்போன் போட்டுக் கேளுங்கள். உங்கள் தெருவிலும் அப்படி ஒரு ரூம் இருந்தால், ‘ஹில்லே லே’யை அந்தப் பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டுங்கள். ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேளுங்கள். என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.