வகுப்பு எங்கே இருந்தது?

செருமனியில் குடியேறியோர் அந்நாட்டு மொழியைக் கற்க மறுக்கின்றனராம்! ஆசிரியரான என்னால் இப்பழியை ஏற்க இயலவில்லை. துருக்கியத் தொழிலாளரை 1961இல் ஒப்பந்தமிட்டு அழைத்தவர்கள், அவர்கள் என்றேனும் திரும்பிவிடுவர் என்றே எண்ணினர். மொழி வகுப்பைச் சட்டம் உரிமையாக்கியதோ 2005இல்தான். இடையே 44 ஆண்டுகள்!

இன்று 600 பாடவேளை மொழி கற்பிக்கிறார்கள், மகிழ்ச்சி. ஆயினும் அது எளிய மொழியன்று. நமக்குச் சொல்லின் பொருள் தெரிந்தால் பால் விளங்கும். அங்கே மேசை ஆண்பால், கதவு பெண்பால்; சிறுமியைக் குறிக்கும் ‘மேட்சென்’ என்ற சொல்லோ இரண்டிலும் சேராது! இரவுப்பணி முடித்தவர் இதையெல்லாம் தாமே கற்றிருக்க வேண்டுமாம். நம் வகுப்பு மாணவரிடம் இப்படிப் பாடம் நடத்தாமல் தேர்வு வைத்தால், பெற்றோரே, நீங்கள் யாரைக் கேட்பீர்கள்?